கடல் பக்கமிருந்து செல் வந்த நாள்: சம்பூரில் கண்டதும் கற்றதும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் நின்று பார்த்தால் எதிரே திருகோணமலைத் துறைமுகத்தின் வாய் தெரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோணேசர் மலையும் தெரியும். சம்பூர் அந்தக் கரையில்தான் இருக்கிறது. வெளியூரில் இருந்து வருபவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போக மனமில்லாமல் நிற்பார்கள். போர்க்காலத்தில் அதே காட்சிதான் எங்களுக்கு ஆபத்தாக இருந்தது. நாங்கள் துறைமுகத்தைப் பார்க்கலாம் என்றால் அங்கிருப்பவர்களும் எங்களைப் பார்க்கலாம். சம்பூர்ப் பக்கமிருந்து பீரங்கி அடித்தால் துறைமுகம் எட்டும். 2006 இல் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் ஊர் அரச படைகள், புலிகள் என்ற இரண்டு தரப்புக்கும் அவ்வளவு முக்கியமாகிப் போனது அதனால்தான்.

என் பிள்ளைகளுக்கு அந்த வருடம் பற்றி அதிகம் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் அன்று எங்களைக் காப்பாற்றிய சில சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. அவை வயதானவர்களோடு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உலகத்தில் எங்கேயோ ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு இன்றைக்கும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2006 ஏப்ரல் 25, செவ்வாய்க்கிழமை. கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள் தற்கொலைத் தாக்குதல் நடந்து இராணுவத் தளபதி படுகாயமடைந்தார் என்று வானொலியில் செய்தி வந்தது. போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதி நான்கு வருடம் ஆகியிருந்தது. பெயரளவில் அது அப்போதும் நடைமுறையில் இருந்தது. செய்தியைக் கேட்டதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. கிணற்றடிக்குப் போய் இருந்த கான்களில் எல்லாம் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார். பக்கத்து வீட்டு மாமி "கொழும்பில நடந்ததுக்கு இஞ்ச என்ன?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. 1990 இல் ஒரு தடவை வெறுங்கையோடு ஓடியவர் அவர். எங்கோ ஒரு பெரிய தாக்குதல் நடந்தால் அதற்குப் பதில் அடி எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் கற்ற முதல் பாடம் இதுதான். முதல் செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழுவதற்கு முன்னால் கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரம்தான் உண்மையில் உங்கள் கையில் இருக்கும் நேரம். அதற்குப் பிறகு நீங்கள் ஓடலாம், படுக்கலாம். எதையும் ஒழுங்காக யோசிக்க முடியாது. செய்தி கெட்டதாக இருந்தால் யார் சிரித்தாலும் பரவாயில்லை, தண்ணீரை நிரப்புங்கள். பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்து வையுங்கள்.

முதலில் விமானப்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானச் சத்தம் வந்தது. அது தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போன பிறகுதான் குண்டு விழுந்த அதிர்வு காலுக்குள் வரும். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்தும் அடி தொடங்கியது. அப்பா அப்போது கரையில் இருந்தார். கரைவலைக்காரர்கள் சிலர் வலையைச் சீர்பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குடாவின் வெளிப்பக்கத்தில் கடற்படையின் டோராப் பீரங்கிப் படகுகள் வரிசையாக நிற்பதைக் கண்டுவிட்டு, வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அப்பா வளவுக்குள் நுழையும்போதே கத்தினார்: "கரையால ஓடாதீங்கோ! உள்ளுக்கு ஓடுங்கோ!"

ஏன் அப்படிச் சொன்னார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் சுனாமி வந்திருந்தது. 2004 டிசம்பரில் மூதூர்க் கரையெல்லாம் அடிபட்டது. அதிலிருந்து கடல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டாலே மேட்டுக்கு ஓடு என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போயிருந்தது. என் தம்பி அன்று அப்படித்தான் ஓடப் பார்த்தான், கோயில் பக்கத்து வெட்டை மேட்டுக்கு. சுனாமிக்கு அது சரி. செல்லுக்கு அது மிகக் கெட்ட இடம். மறைப்பு இல்லாத மேட்டில் நிற்பவரைக் கடலில் நிற்கும் படகு நேராகப் பார்க்கும். செல் சிதறும்போது துண்டுகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும். பள்ளத்தில் குப்புறப் படுத்திருப்பவருக்குத்தான் தப்ப வாய்ப்பு அதிகம். கடற்கரையில் வாழ்பவர்கள் இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தண்ணீர் வந்தால் மேடு, வெடி வந்தால் பள்ளம். அப்பா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வாய்க்காலுக்குள் தள்ளியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் செல் என்றால் தூரத்தில் ஒரு குத்துச் சத்தம் கேட்கும், பிறகு கூவிக்கொண்டு வரும். குத்துச் சத்தம் கேட்டதும் படுத்தால் நேரம் இருக்கும். படகில் இருந்து நேராகச் சுடும் பீரங்கிக்கு அந்த அவகாசம் கிடையாது. சன்னம் வந்த பிறகுதான் சுட்ட சத்தம் வரும். அதனால் கடல் பக்கமிருந்து அடி தொடங்கிவிட்டால் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. படகுக்கும் உங்களுக்கும் நடுவில் மண் திட்டியோ கல் மதிலோ தடித்த மரமோ இருக்கிற மாதிரிப் பார்த்து, குனிந்து, உள்நாட்டுப் பக்கமாக நகர வேண்டும். படுக்கும்போது காதைப் பொத்தி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்க வேண்டும். வெடி அமுக்கத்தில் செவிப்பறை கிழியாமல் இருக்க அது உதவும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

எங்கள் வளவில் பங்கர், அதாவது பதுங்குகுழி, இருந்தது. கடற்கரை மண்ணில் பங்கர் வெட்டுவது லேசான வேலை இல்லை. கொஞ்சம் ஆழமாகப் போனாலே தண்ணீர் ஊறும், சுவர் சரியும். அப்பா அதிகம் ஆழப்படுத்தாமல், பக்கங்களுக்குப் பனங்குற்றி நிறுத்தி, மேலேயும் குற்றி அடுக்கி, உரப்பைகளில் மண் நிரப்பிச் சுற்றிவர வைத்திருந்தார். வாசல் கடலைப் பார்க்காமல் மேற்குப் பக்கம் இருந்தது. உள்ளே போனதும் ஒரு திருப்பம் வரும்; வாசலில் வெடித்தாலும் துண்டு நேராக உள்ளே வராது. மழைக்காலம் முடிந்ததும் குற்றிகளைத் தட்டிப் பார்த்து உக்கியதை மாற்றுவார். பாம்பும் பூரானும் குடியிருக்கும் என்பதால் வாரத்தில் ஒரு தடவையாவது டோர்ச் அடித்துப் பார்ப்பார். இந்தப் பராமரிப்பு வேலைகள்தான் முக்கியம். பங்கர் வெட்டிவிட்டு மறந்துபோனவர்கள் அன்று அதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

எங்கள் பெரிய மாமாவுக்குக் காலில் செல் துண்டு பட்டது. பங்கருக்கு வரும் வழியில் பட்டது. துண்டை இழுக்கப் பார்த்தவரை அம்மா தடுத்தார். துண்டைச் சுற்றித் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தார். இரத்தம் நிற்காமல் பாய்ந்தபோது சாரத்தைக் கிழித்துக் காயத்துக்கு மேலே தொடையில் இறுக்கிக் கட்டினார். கட்டிய நேரத்தை என்னிடம் சொல்லி என் கையில் பேனாவால் எழுதச் சொன்னார். மறுநாள்தான் மாமாவுக்கு வைத்தியம் கிடைத்தது. அவர் கால் தப்பியது. காயத்துக்குள் இருக்கும் இரும்பை வீட்டில் யாரும் பிடுங்கக் கூடாது என்பதையும், எங்கே அழுத்த வேண்டும், எப்போது கட்ட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது முறையாகப் பழகியிருக்க வேண்டும். முதலுதவி வகுப்புக்கு அரை நாள் போனால் போதும்.

அன்று இரவு விளக்கு ஏற்றவில்லை. சத்தம் ஓயும் போதெல்லாம் ஊர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே நடக்கத் தொடங்கினார்கள். மறுநாளும் அடி தொடர்ந்தது. எங்கள் ஊரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பொதுமக்கள் செத்தார்கள்.

அம்மம்மா அந்த நடையில் ஒரு தடவைகூடப் புலம்பவில்லை. அவருக்குக் கொட்டியாரக் குடாவில் இது முதல் தடவை இல்லை. 1942 ஏப்ரல் 9 காலையில், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு அடிபட்டிருந்தது. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று பற்றி எரிந்து, குடாவுக்கு மேலே கரும்புகை பல நாள் நின்றதை அவர் கரையில் இருந்து பார்த்திருக்கிறார். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீசை முதல்நாள் இரவே துறைமுகத்தில் இருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் மட்டக்களப்புக்கு அப்பால் அது கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் செத்தார்கள். இந்தக் கப்பல் கதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அம்மம்மாவுக்குத் தெரிந்தது வேறு. பட்டினத்தில் இருந்து தோணியிலும் வண்டியிலும் ஓடிவந்த குடும்பங்களை அவருடைய வீட்டில் வைத்திருந்தார்களாம். வந்தவர்கள் பித்தளைக் குடமும் பட்டுச் சேலையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒருவரிடமும் உப்பு இல்லை என்று அடிக்கடி சொல்வார். அதனால் அவருடைய ஓலைப் பெட்டியில் எப்போதும் ஒரு கத்தி, தீப்பெட்டி, உப்பு, கொஞ்சம் சீனி இருக்கும். தீப்பெட்டியை மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அந்த நடையில் எங்களுக்கு முதல் கஞ்சி காய்ச்சியது அந்தப் பெட்டியை வைத்துத்தான்.

நடையைப் பற்றி ஒன்று. நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்: அம்மம்மாவுக்கு நான் பொறுப்பு, தம்பிக்கு அம்மா பொறுப்பு, அப்பா எப்போதும் கடைசியாக வருவார். பிரிந்துபோனால் சந்திக்க இரண்டு இடம் சொல்லியிருந்தார்கள், ஒன்று கிட்டே, மற்றது வெருகல் பக்கம். தம்பியின் காற்சட்டைப் பையில் அவன் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், மட்டக்களப்பில் உள்ள சித்தியின் முகவரி எழுதிய துண்டை அம்மா உள்ளே வைத்துத் தைத்திருந்தார். பிள்ளைக்கு ஊர் பேர் தெரியும்தானே என்று நினைக்கக் கூடாது. பயந்துபோன ஆறு வயதுப் பிள்ளை தன் பெயரையே சொல்லாது. அதை நான் அந்த வழியில் கண்ணால் கண்டேன்.

ஏப்ரல் அடி ஓய்ந்து சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், நாங்களும் திரும்பினோம். அது நிலைக்கவில்லை. ஜூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டு வயல்களுக்குப் போகும் தண்ணீர் நின்றது, அதை வைத்தே மறுபடி சண்டை தொடங்கியது. ஓகஸ்ட் முதலாம் திகதி துறைமுகத்துக்கு வெளியே கடற்சண்டை, அதற்கடுத்து மூதூர்ப் பட்டினத்துக்குள் சண்டை. மூதூர் முஸ்லிம் சனங்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடினார்கள். என்னோடு ரியூஷன் படித்த பிள்ளையின் குடும்பமும் அதில் போனது. எங்களுக்குப் பட்டது எதுவும் அவர்களுக்குப் படாமல் இல்லை. உதவி நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த ஓகஸ்டில்தான். அதன்பிறகு வெளியில் இருந்து உதவி வரும் என்று காத்திருக்க முடியவில்லை. ஓகஸ்ட் கடைசியில் சம்பூர் மீது பெரிய படை நடவடிக்கை தொடங்கி, செப்டம்பர் 4 இல் ஊர் இராணுவத்தின் கையில் வந்தது. நாங்கள் அதற்கு முன்பே வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் போயிருந்தோம். பிறகு மட்டக்களப்பு, அப்புறம் கிளிவெட்டி முகாம்.

செல் அடி சில மணி நேரம், அல்லது சில நாள். அதற்குப் பின்னால் வந்த இடப்பெயர்வு ஒன்பது வருடம். எங்கள் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகின. அனல் மின்நிலையத்துக்கு என்று ஒரு பகுதி, முதலீட்டு வலயத்துக்கு என்று ஒரு பகுதி, கடற்படை முகாமுக்கு என்று இன்னொரு பகுதி. 2015 இல்தான் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு சனங்கள் திரும்பத் தொடங்கினார்கள். கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. ஆகவே ஓடும்போது கட்டுகிற பை ஓர் இரவுக்கான பையாக இருந்தால் போதாது. நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

அம்மாவின் பையில் சாப்பாட்டை விடக் காகிதம்தான் அதிகம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிகள், கலியாண எழுத்து, அடையாள அட்டைப் பிரதிகள், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், எங்கள் பள்ளிக்கூட அறிக்கைகள், அப்பாவின் வள்ளப் பதிவு, மீனவர் சங்கப் புத்தகம், அம்மம்மாவின் கிளினிக் கொப்பி. எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மேலே இன்னொன்று போட்டுக் கட்டியிருந்தார். ஒரு பிரதி சித்தி வீட்டில் இருந்தது. முகாமில் பதிவு செய்யும்போதும், பள்ளிக்கூடம் மாறும்போதும், நான் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோதும், கடைசியில் காணியைத் திருப்பிக் கேட்டபோதும் அந்தப் பைதான் பேசியது. இன்றைக்கு இது இன்னும் லேசு. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் உள்ள சொந்தத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

காணியையும் படம் எடுங்கள். நாங்கள் திரும்பிப் போனபோது வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, ஒழுங்கைகள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. கிணறுதான் அடையாளம் காட்டியது. ஒருவர் கிணற்றைக் கண்டுபிடித்தால் அதிலிருந்து காலடி வைத்து அளந்து அடுத்த வளவைக் கண்டுபிடித்தோம். பழைய கலியாணப் படத்தில் பின்னால் தெரிந்த புளியமரத்தை வைத்து ஒரு குடும்பம் எல்லையை நிரூபித்தது. உங்கள் கிணறு, மரம், கோயில் மதில், பக்கத்து வீட்டுத் தூண் எல்லாம் ஒரே படத்தில் வருகிற மாதிரி நாலு பக்கத்திலும் நின்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நில அளவை வரைபட இலக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள்.

முகாமில் இருந்தபோது வேறு இடத்தில் காணி தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டார்கள். களைத்துப்போய்ச் சிலர் யோசித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தறப்பாள் கொட்டிலில் வருடக்கணக்கில் பிள்ளை வளர்த்தவருக்குத்தான் அந்தக் களைப்புத் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒன்றாக இருந்து மறுத்தார்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு பேசுங்கள். அவகாசம் தர மறுத்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

தம்பி நீண்ட காலம் இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். கோயில் திருவிழா வெடிக்கும் அப்படித்தான். அவனுக்கு உதவியது மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடம். தினமும் அதே நேரத்துக்கு மணி அடிக்கும், அதே ரீச்சர் வருவார். "ஒன்றும் நடக்கேல்ல, மறந்திடு" என்று சொன்ன பெரியவர்கள் அவனுக்கு உதவவில்லை. "ஓம், அது பயங்கரமாத்தான் இருந்தது, இப்ப கேட்கிறது மழை இடி" என்று சொன்ன அம்மம்மா உதவினார். வெடிச் சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைக்குப் பயம் பாதியாகக் குறையும்.

நடந்ததை எழுதி வைப்பதும் அவசியம். அம்மா என் கையில் எழுதச் சொன்ன அந்த நேரத்தை நான் பிறகு கொப்பியில் மாற்றி எழுதினேன். அதோடு திகதி, எந்தப் பக்கமிருந்து அடி வந்தது, யார் யார் அங்கே இருந்தார்கள், யாருக்கு எங்கே காயம் என்பதையும் எழுதினேன். போர் முடிந்தபின் ஆணைக்குழுக்கள் வந்து விசாரித்தபோது பலருக்குத் திகதி குழம்பிப்போனது. ஏப்ரலில் நடந்ததை ஓகஸ்டில் நடந்ததாகச் சொன்னார்கள். சொன்னது பொய் இல்லை, வருடங்கள் அப்படிக் குழப்பிவிட்டன. பத்து வரி போதும், ஆனால் அந்த வாரத்திலேயே எழுத வேண்டும். கேட்டதையும் கண்டதையும் கலக்காமல் எழுத வேண்டும். செத்தவர்களின் பெயரை முழுமையாக எழுத வேண்டும்.

காணி திரும்பக் கிடைத்ததும் எல்லோருக்கும் பற்றையை வெட்டி எரித்துச் சுத்தம் பண்ணத்தான் அவசரம். எரிக்காதீர்கள். மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் வெடிக்காத செல் கிடக்கலாம், சூட்டில் அது வெடிக்கும். கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடித்த இடம் எது, முடிக்காத இடம் எது என்று கிராம சேவகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மண்வெட்டி வைக்க வேண்டும். பழைய கிணற்றை இறைக்கும்போதும் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் ஆளை இறக்கக் கூடாது. துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் பிள்ளைகள் பழைய இரும்புக்காரருக்கு விற்கலாம் என்று எடுப்பார்கள். என் பிள்ளைகளிடம் மாதம் ஒரு தடவையாவது இதைச் சொல்கிறேன். கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, தள்ளி நின்று ஒரு மரத்தில் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை மாடுகூட அந்தப் பக்கம் போகாமல் ஒருவர் நிற்க வேண்டும்.